மறுசோறு

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து நான் கேண்டீன் நடத்தும் மூன்று மில்களும் இன்று திறந்தன. காலை டிபன் நாலாயிரத்து இருநூறு பேருக்கு. பொங்கல் இறுகிவிட்டது. மாஸ்டர் ஊரிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் மச்சான் கிண்டினார். கரண்டி இறங்கவில்லை.

மதியம் இரண்டாவது மில் கேண்டீனில் நின்று பார்த்தேன். ஒரு தொழிலாளி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பரிமாறும் அம்மாள் பேசிக்கொண்டு நிற்கிறாள். அவர் "அக்கா, சோறு" என்று கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள். அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். கேட்கும் முன் போட வேண்டும். முப்பத்தெட்டு வருடமாக இது ஒன்றுதான் என் கம்பெனியின் சட்டம். சுவரிலும் எழுதி வைத்திருக்கிறேன். "சரிங்க முதலாளி, இனிமே பாத்துக்கறனுங்க" என்றாள். பார்ப்போம்.

சாயங்காலம் ஊரிலிருந்து போன். பெரிய வீட்டு அருணாசலம். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் வருகிறாராம். ஒரு விஷயம் பேச வேண்டுமாம். போனிலேயே சொல்லலாமே என்றேன். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நேர்ல வாரேன்" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

"ஒங்க அண்ணன் எதுக்கு வாராக?" என்று உமையாள் காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள். அருணாசலம் என்று பெயரைச் சொல்லு என்றேன். "பேர மாத்துனா அண்ணன் இல்லன்னு ஆயிருமா?" என்கிறாள்.

ஆகிவிடும். எங்களவர்களில் அதுதான் முறை. பிள்ளையில்லாத வீட்டுக்கு, பங்காளி வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தாகக் கூட்டிக்கொள்வார்கள். மஞ்சள் நீர் குடித்த நிமிடத்திலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பெயர் மாறும், பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகள் மாறும், பெற்றவள் ஆத்தா இல்லை என்று ஆகும். வளர்ந்தவனையும், ஏன், மீசை நரைத்தவனையும்கூடக் கூட்டிக்கொண்டது உண்டு. சோலையப்பன் என்று எனக்கு ஒரு அண்ணன் ஒன்பது வயது வரை இருந்தான். அப்புறம் பெரிய வீட்டுக்கு அருணாசலம் என்று ஒரு வாரிசு வந்தார். மலேயாவில் ரப்பர் தோட்டம், சென்னையில் கட்டிடங்கள், ஊரில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. அவர் ஒரு நாளும் எதற்கும் கை நீட்ட வேண்டியிருந்ததில்லை.

நான் கை நீட்டினேன். பதினாலு வயதில் மதுரையில் ஒரு மெஸ்ஸில் இலை எடுத்தேன். இன்று பதினாலாயிரம் பேர் என் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். இதை அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தன் கண்ணால் பார்க்கட்டும். மூன்றாவது கேண்டீனின் புது நீராவி அடுப்பைக் காட்ட வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

வந்தார். பதினொன்றரைக்கு வந்து நாலரைக்குப் போனார். அடுப்பைக் காட்டினேன். ரொம்ப நல்லாயிருக்கு என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

உமையாள் விருந்துச் சாப்பாடே செய்திருந்தாள். பருப்பு, சாம்பார், வத்தக்குழம்பு, மண்டி, கந்தரப்பம். அருணாசலம் சாம்பார் சோறு தீர்ந்ததும் கையை இலையோரம் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். உமையாள் அடுப்படிக்குள் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன். கேட்கட்டுமே, என்ன குறைந்துவிடும்? அவர் கேட்கவில்லை. கடைசியில் என் இளையவன் தேனப்பன் எழுந்துபோய் அன்னவெட்டியில் சோறு அள்ளிக்கொண்டு வந்து அவருக்குப் போட்டான். அறுபத்தாறு வயதில் சோறு கேட்கக்கூட ஆள் வேண்டியிருக்கிறது. ஒன்பது வயதிலிருந்து தட்டில் வந்து விழுந்து பழகிய கை.

எனக்கும் மறுசோறு போட வந்தான். எனக்கு வேண்டாமென்று இலையை மடித்தேன். சர்க்கரை இருக்கிறதல்லவா.

காப்பி குடித்தார். தேனப்பனின் தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். என்ன விஷயம் பேச வந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். "வரட்டுமா வயிரவா" என்றார். போய்விட்டார். இருநூற்றைம்பது கிலோமீட்டர் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 11, திங்கள்

காலையில் டிபன் சாப்பிடும்போது தேனப்பன் சொன்னான்.

"பெரியப்பச்சிக்குக் கேக்க வரல அப்பச்சி. என்னையக் கூட்டிக்கிறதுக்குத்தான் வந்தாக."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். இரண்டு வருடமாக, கொள்முதலுக்கு ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அங்கே போகிறானாம். போன ஆடியில் அவர் மனைவி இறந்ததிலிருந்து மாதம் இருமுறை. சேர்ந்து சாப்பிடுவார்களாம். சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிப்பார்களாம்.

"என்ன பேசிக்கிருவீக?"

"பெருசா ஒண்ணும் பேச மாட்டோம்."

"ஒனக்குச் சம்மதமா?"

அவன் தட்டைப் பார்த்தான். "எனக்கு அங்க போகப் பிடிக்கும் அப்பச்சி."

எழுந்து கை கழுவிவிட்டேன். இரண்டு வருடம். என் டீசலில், என் காரில்.

நவம்பர் 12, செவ்வாய்

தேனப்பனிடம் பேசவில்லை. தக்காளி பாதி அழுகல். லாரியோடு திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

நான் கூட்டிக்கொண்டு போகப்பட்டவன் இல்லை, யாருடைய வாரிசும் இல்லை, இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் நான் கேட்டு, அலைந்து, நின்று வாங்கியது என்றேன். என் பிள்ளைகளை எவரும் வந்து உட்கார்ந்து பார்த்து, இவன் வேண்டும், அவன் வேண்டாம் என்று பொறுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவையும் செய்தேன் என்றேன். உழைக்காமல் வருகிற சொத்துக்கு நாக்கைத் தொங்கப் போடுகிறாயா என்றும் கேட்டுவிட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. மெதுவாகச் சொன்னான்.

"நீங்க சம்பாரிச்சது ஒங்களுக்குத்தான் உழைப்பு அப்பச்சி. அது எனக்கு வந்தா, எனக்கு அதுவும் சும்மா வந்ததுதானே? ஒங்ககிட்ட இருந்து வந்தாலும் அவுககிட்ட இருந்து வந்தாலும் எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் சொத்துக்குப் போகல. அவுகளுக்கு ஆள் இல்ல."

"எனக்கு?"

"ஒங்களுக்குச் சாத்தப்பண்ணன் இருக்காக. ஆத்தா இருக்காக. பதினாலாயிரம் பேர் இருக்காக."

மூத்தவன் சாத்தப்பன் ஏதோ சமாதானம் சொல்ல வந்தான். இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னேன். ஆத்திரம் தீராமல் மூன்று நாள் பேப்பரையும் அடுக்கி வைத்தேன்.

நவம்பர் 18, திங்கள்

ஒரு நாளும் எதையும் கேட்காத பயல், கேட்டதெல்லாம் இதுதானா?

நவம்பர் 24, ஞாயிறு

உமையாள் இன்று ஒரு வார்த்தை சொன்னாள். "சர்க்கரை வந்து பத்து வருசம்தான் ஆச்சு. கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாளாச்சும் நீங்க மறுசோறு வாங்கி நான் பாத்ததில்ல."

இவளுக்குச் சொல்லவில்லை. இதில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஏழு வயது. எங்களைப் பெற்ற அப்பச்சி பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து, ஒரு வருடத்தில் இறந்துபோனார். ஆத்தா வீடுகளுக்கு முறுக்குச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய வீட்டுக்குப் பிள்ளை பார்க்கிறார்கள் என்று என்னையும் சோலையண்ணனையும் சாப்பிடக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெயருக்குத்தான் இருவரும். மூத்த பிள்ளையைக் கொடுக்கும் வழக்கம் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே நான்தான். ஆத்தா எனக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்து விட்டாள்.

நடுமுற்றத்து வளவில் பந்தி போட்டார்கள். அந்த வீட்டின் பெரிய ஆச்சி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் என்றேன். போட்டார்கள். இன்னும் கொஞ்சம் என்றேன். மூன்றாம் முறையும் கேட்டேன். வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் மிதந்தது. அதுவரை அப்படி ஒரு குழம்பை நான் பார்த்ததில்லை. ஆச்சிமார் சிரித்தார்கள். சோலையண்ணன் ஒரு தடவை போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, கையை இலையோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எட்டாம் நாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூத்தவனைக் கொடுப்பதில்லை என்ற வழக்கத்தையே மீறி எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால், என்னை எவ்வளவு வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும்? ஏழு வயதில் இது புரிந்துவிட்டது. சோற்றுக்குப் பறந்த பிள்ளை. அதற்கப்புறம் யார் வீட்டிலும் நான் இரண்டாம் முறை வாங்கியதில்லை.

எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

எட்டாம் தேதி ஊருக்குப் போகிறேன். முடியாது என்பதை நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும். போனில் சொன்னால் அந்த ஆள் மௌனமாக இருப்பார், அந்த மௌனத்தோடு எனக்குச் சண்டை போட முடியாது.

மூன்றாவது கேண்டீனில் மிக்சர் கிரைண்டர் பழுது. சட்னி இல்லாமல் பொடி வைத்துச் சமாளித்தோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

பேருந்திலேயே போனேன். ஏன் காரில் போகவில்லை என்று உமையாள் கேட்டாள். அந்த வீட்டு வாசலில் காரில் போய் இறங்க வேண்டும் என்று நாற்பது வருடம் ஆசைப்பட்டேன். இன்றைக்கு அது வேண்டாம் போலிருந்தது.

ஐம்பத்தேழு வருடம் கழித்து அந்த வளவுக்குள் நுழைந்தேன். பெரிய ஆச்சி இறந்தபோதுகூட வாசலோடு துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பியவன். அதே தூண்கள். அருணாசலம் நடுவில் ஒற்றை நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். "வா" என்றார். காரைக்குடியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். பொய். காலையில் குடித்த காப்பி மட்டும்தான்.

சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளை கொடுக்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சரி" என்றார்.

அவ்வளவுதான். சண்டைக்கு என்று கோயம்புத்தூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் கையில் அப்படியே இருக்கின்றன, எதிராளி சரி என்கிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன்னு கேக்க மாட்டீகளா?"

"எனக்குக் கேக்க வராது வயிரவா. அது ஆத்தாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஒனக்குத் தெரியாதா?"

ஆத்தா என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து ஐம்பத்தேழு வருடம் ஆகிறது. இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் அவருக்கு 'முறுக்குக்கார ஆச்சி'தான்; அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

"ஆத்தாவுக்கு என்ன தெரியும்?"

பேப்பரை மடித்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்தார்.

"அன்னைக்குப் பெரிய ஆச்சி ஒன்னையத்தானே கேட்டாக. 'சின்னவன் என்னமா வாய் தொறந்து கேட்டுச் சாப்புடுறான், பிள்ளைன்னா இப்படில்ல இருக்கணும், இந்த வீட்டுல எல்லாம் ஊமைக் கோட்டான்க'ன்னு சிரிச்சாக. ஆத்தாதான் மாட்டேன்னுட்டாக. நான் இந்தா, இந்தத் தூணுக்குப் பின்னால நின்னேன். எல்லாம் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"'சின்னவன எங்க விட்டாலும் கேட்டு வாங்கித் தின்னு பொழச்சுக்கிருவான் ஆச்சி. பெரியவனுக்கு வாய் கிடையாது. என் பானையில கெடக்குறது நாலு பருக்கை, அதையும் கேட்டவனுக்குத்தான் போடுறேன், கேக்காதவன் பட்டினி படுத்துக்கிறான். ஒங்க வீட்டுலன்னா கேக்காமயே போடுவீக. இவனக் கொண்டு போங்க.' அப்படின்னாக. மூத்த பிள்ளைய விடுறது வழக்கமில்லையேன்னு பெரிய ஆச்சி சொன்னாக. 'வழக்கம் வந்து எம்பிள்ளைக்குச் சோறு போடுமா'ன்னு கேட்டாக ஆத்தா."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்து கிடந்தது.

"இத ஏன் இத்தனை வருசமாச் சொல்லல?"

"நீ கேக்கலயே." பிறகு, "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒன்னைய வச்சுக்கிட்டாக, என்னைய விட்டுட்டாக. வருத்தம் எனக்குத்தானே? ஒனக்கென்ன வருத்தம் இருக்க முடியும்?" என்றார்.

அந்த மனிதருக்கு என் மேல் பொறாமை. ஓட்டு வீட்டில் பழைய சோற்றுக்கு அடித்துக்கொண்டு கிடந்த என் மேல். எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் கண் கலங்கிவிட்டது.

என்னிடம் இன்னொன்று பாக்கி இருந்தது. அதையும் கேட்டேன். எனக்குப் பதினாலு வயது. ஆத்தா ஜன்னி கண்டு கிடக்கிறாள் என்று சொல்ல இந்த வாசலுக்கு ஓடி வந்தேன். ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு அவர் வந்து நின்றார். கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விட்டார். வெயிலில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு நான் திரும்பினேன். மூன்றாம் நாள் ஆத்தா போய்விட்டாள். நான் கொள்ளி வைத்தேன். அவர் பங்காளிகளோடு பங்காளியாக நின்றார்.

"அன்னைக்கு ஏன் உள்ள போனீக?"

அவர் வாய் அசைந்தது. நான் காத்திருந்தேன்.

"காரக் கேக்கத்தான் போனேன். டாக்டரக் கூட்டிட்டு வரலாம்னு. பெரிய ஆச்சி முன்னால போய் நின்னேன். 'என்னப்பா, என்ன வேணும்'னாக. வாய் வரல. 'ஒண்ணுமில்ல'ன்னுட்டேன். ரெண்டாவது கட்டுல போய் உக்காந்துட்டேன்." கையில் பேப்பர் கசங்கிக்கொண்டிருந்தது. "கேட்டிருந்தா குடுத்திருப்பாக. நல்லவுகதான்."

சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இலை ஒன்று போட்டிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். அவருக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க வரவில்லை. எனக்கும் இன்று கேட்க வரவில்லை. பசியோடு மூன்று மணி பேருந்தைப் பிடித்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

ஆத்தா அன்று எனக்கு மட்டும் எண்ணெய் வைத்தாள். தலையை எவ்வளவு நேரம் தேய்த்தாள் என்பது இப்போதுதான் நினைவு வருகிறது.

டிசம்பர் 11, புதன்

தேனப்பன் சாப்பிடுவதைப் பார்த்தேன். ரசத்துக்குச் சோறு தீர்ந்துவிட்டது. கையைத் தட்டோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உமையாள் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து போட்டாள், அவன் சாப்பிட்டான்.

பதினாலாயிரம் இலைகளை நின்று பார்க்கிறவன் நான். இருபத்தெட்டு வருடம் என் பிள்ளையின் தட்டைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

நாளை மார்கழி பிறக்கிறது. ஊரில் நடந்ததையெல்லாம் உமையாளிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றாள்.

"அண்ணனும் தம்பியுமா மாத்தி மாத்தி அழுதுட்டு வந்திருக்கீக. பெத்தவ நான். என்னைய யாராச்சும் கேட்டீகளா?"

கேட்கவில்லைதான். இப்போது கேட்கிறேன் என்றேன். அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒங்க ஆத்தா ஏன் அப்படிச் செஞ்சாகன்னு எனக்குத் தெரியும். இவன் பால்குடிப் பிள்ளையா இருக்கும்போதே பசிக்கு அழ மாட்டான். நேரம் பாத்துப் பாத்து நானாத்தான் எடுப்பேன். சாத்தப்பன் கத்தி ஊரக் கூட்டுவான், இவன் பாத்துக்கிட்டே கெடப்பான். இங்க கம்பெனியில, அண்ணனுக்குக் கீழ, என்ன வேணும்னு இவன் எப்பக் கேக்கப் போறான்?" மூக்கை உறிஞ்சினாள். "அங்கதான் போகணும்னு அவன் வாயத் தொறந்து சொல்லியிருக்கான். அதுக்கு மேல நாம என்ன சொல்றது? ஆனா அங்க ரெண்டு பேருக்குமே வாய் கிடையாதே, யாரு யாருக்குச் சோறு போடுறது?"

தை பிறக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஊருக்குப் போன் செய்தேன். "தையில நாள் பாருங்க" என்றேன். வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

ஜனவரி 1, புதன்

கேண்டீன்களில் கேசரி போட்டோம். தேனப்பன் கணக்குகளையெல்லாம் அண்ணனிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறான். எந்தக் கடையில் எந்தப் பருப்பு வேகாது என்பதைக்கூடத் தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தத் தாளைச் சாத்தப்பன் வாங்கி வைத்துக்கொண்டான். ஒரு பிரதி எடுத்து நான் வைத்துக்கொண்டேன். எனக்கு எதற்கு என்று தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கும்போது என் பக்கத்தில் நின்றான். "அப்பச்சி, பால் வழியுது" என்றான். அதைத் தவிர இன்று எதுவும் எழுத முடியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வளவில் நூறு பேர் இருப்பார்கள். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஓமம் வளர்த்து முடித்துச் சாஸ்திரிகள் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார். இந்தப் பக்கம் நானும் உமையாளும், நடுவில் தேனப்பன். அந்தப் பக்கம் அருணாசலம் ஒற்றை ஆளாக.

"இப்ப நீங்க இவாகிட்டக் கேக்கணும்," என்றார் சாஸ்திரிகள். "'உன் பிள்ளையை எனக்குக் கொடு'ன்னு மூணு தரம் சபையறியக் கேக்கணும். இவா 'கொடுத்தேன்'னு சொல்லுவா. அதுதான் பிரதானம். சத்தமாக் கேளுங்கோ."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. அவர் என்னைப் பார்த்தார். உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். யாரோ இருமினார்கள். "கேளுங்கண்ணே, நேரம் போகுது" என்றார் ஒரு பங்காளி. அவர் கையைத் தரையில், ஓர் இலையோரம் வைப்பதுபோல, வைத்திருந்தார். அந்தக் கையைப் பார்த்தேன்.

"கொடுத்தேன்" என்றேன்.

சாஸ்திரிகள் பதறிப் போனார். "இருங்கோ, இருங்கோ, அவர் இன்னும் கேக்கலையே."

"கேக்க வேண்டாம்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல வயிரவா?" என்று பங்காளி எழுந்தார்.

"எங்க கேண்டீன்ல இதுதான் முறை" என்றேன். "கொடுத்தேன், கொடுத்தேன், கொடுத்தேன். மூணு தரம் ஆச்சா?"

சபையில் சிரிப்பு எழுந்தது. உமையாள் சிரிக்கவில்லை, பிள்ளையின் கையை விட்டுவிட்டாள். அவள் விட்டதை நான் பார்த்தேன். அவர் வாயிலிருந்து அப்போது ஒரு சத்தம் வந்தது. "வயிரவா" என்று. அவ்வளவுதான். சாஸ்திரிகள் அதையே கேட்டதாக எடுத்துக்கொண்டு மேளத்துக்குக் கை காட்டினார்.

தேனப்பன் மஞ்சள் நீரைக் குடித்தான். ஒரே மடக்கில். எங்களை விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். நாலடி தூரம்.

பந்தியில் எனக்கு முதல் வரிசை. நெல்மணி எண்ணுவதுபோல மெல்லத்தான் சாப்பிட்டேன். சோறு தீர்ந்தது. இலையை மடிக்கக் கை போனது. நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் சோலையண்ணன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அன்னவெட்டியோடு குனிந்து நிற்கிறார். வேண்டுமா என்று கேட்கவில்லை. போட்டார். வத்தக்குழம்பையும் அவரே வாங்கி ஊற்றினார். நான் கேட்கவில்லை, அவர் கேட்கவில்லை. இலையை மடிக்காமல் அப்படியே சாப்பிட்டேன். குழம்பில் எண்ணெய் மிதந்தது.

"போதும் அண்ணே" என்று சொல்லும் வரை நின்றார்.

ஜனவரி 20, திங்கள்

காலை டிபன் நாலாயிரத்து முந்நூறு. பொங்கல் பதம். புதிதாகச் சேர்ந்த அம்மாள் இப்போதெல்லாம் இலை காலியாகும் முன்பே போய் நிற்கிறாள். நன்றாகச் செய்கிறீர்கள் என்று சொன்னேன்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். சாத்தப்பன் மில்லில். உமையாள் பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்து, இரண்டிலும் சோறு போட்டுவிட்டு, அப்புறம்தான் கவனித்தாள். அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அவன்தான். அப்பச்சி என்று கூப்பிடக் கூடாது. சித்தப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. எனக்குக் கேட்கிறது, அந்தப் பக்கத்தில் எதைச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறான். கடைசியில் எதுவும் சொல்லி அழைக்காமல், "சாப்பிட்டீகளா?" என்றான்.

"சாப்புடுறேன். நீ?"

"ஆச்சு. அப்பச்சி எனக்குப் போட்டாக, நான் அவுகளுக்குப் போட்டேன்."

அப்பச்சி. சரியாகத்தான் சொல்கிறான். எனக்கு ஒரு கணம், நான் எப்போது அவனுக்குச் சோறு போட்டேன் என்றிருந்தது. நல்லது என்றேன். வேறு என்ன விசேஷம் என்றேன். ஒன்றுமில்லை என்றான். வைத்துவிட்டோம்.

என் தட்டு காலி. பக்கத்துத் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன், போட ஆள் இல்லை.

"உமையா" என்று கூப்பிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வேணும்."

அன்னவெட்டியை எடுக்கப் போனாள். வேண்டாம், அந்தத் தட்டில் இருப்பதைப் போடு என்றேன். என்னை ஒரு முறை பார்த்தாள். அவன் தட்டை எடுத்து என் தட்டில் சரித்தாள். ரசம் கேட்டேன், ஊற்றினாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.